காவியும் தூதும்

ஒரு மார்க்கத்தைப் பிறர்க்கு எடுத்துரைக்கப் புகுவோர், அப்பிறருடைய கோலத்தை எவ்வளவு ஏற்கலாம்? 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் இராபர்ட் தெ நொபிலி இவ்வினாவுக்குத் தம் வாழ்வையே விடையாக வைத்தார். காவி உடுத்தார், புலால் நீக்கினார், தமிழும் வடமொழியும் பயின்றார், கிறிஸ்தவம் தழுவியோர் பூணூலையும் குடுமியையும் களையவேண்டுவதில்லை என்றார். சொந்தச் சபையாருள்ளேயே எதிர்ப்பு மூண்டது. 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி அவருக்கு இசைவளித்தார்.

மொழி கற்ற அவ்வுழைப்பை நாம் மனமாரப் போற்றுகிறோம். ஆனால், உயர்சாதியார் விலகிவிடுவரே என்று, முன்பே கிறிஸ்தவராயிருந்த பரதவரோடு கூடாமல் அவர் தனித்து வாழ்ந்தாரே, அது நமக்கு உவப்பாயில்லை. கோலத்தோடு சாதியும் உள்ளே புகுந்துவிட்டது. உமறுப்புலவரும் சீறாப்புராணத்தில் அரபு நாட்டைத் தமிழகத்து வயலும் பொழிலுமாகப் பாடினார். அந்தக் கடன் எவரையும் தாழ்த்தவில்லை. (பெண் கொடுக்கும்போது மரைக்காயர், இராவுத்தர், லெப்பை என்று பார்ப்போர் நம்மிலும் உண்டு என்பது வேறு கதை.)

இன்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர் பலர் உழைக்கின்றனர். அவர்களிடம் தீனைப் பற்றிப் பேச இந்தி கற்றால் போதும் என்பாருண்டு. நம் விருந்துச் சஹனில் தங்களுக்கு இடமுண்டா என்பதையே அவர்கள் முதலில் பார்ப்பார்கள்.