எல்லார்க்கும் ஒரே தட்டு

உணவைப் பகிர்தல் போல் எளிய அறம் வேறில்லை என்று நாம் எண்ணுகிறோம். பசித்தவர் இருக்கிறார், நம்மிடம் உணவு இருக்கிறது, எடுத்துக் கொடுத்தால் கடமை முடிந்தது. ஆனால் நாம் கொடுக்கும் உணவே உண்பவருக்குத் தீங்காகுமானால்? நல்ல மனத்தோடு நீட்டிய கையிலிருந்து நோய் செல்லுமானால், அந்த நல்ல மனத்துக்கு மதிப்பு என்ன? இக்கேள்வியை நூல்களின் துணைகொண்டு ஆராய்வதைவிட அடுப்படியில் நின்று ஆராய்வது நலம். கோதுமை சேராத ஆரஞ்சு மஃபினை வீட்டில் சுட்டெடுக்கும் சிறு வேலையை எடுத்துக்கொள்வோம். உள்ளங்கையில் அடங்கும் அந்தக் கிண்ணக் கேக்குக்குள் விருந்தோம்பலின் பெரிய கேள்விகள் சில அடங்கியுள்ளன.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் புரதம் உண்டு. நம்மில் மிகப் பலருக்கு அது வெறும் உணவு. சீலியாக் நோய் உள்ளவருக்கோ, அது உட்சென்றதும் உடலின் காவற்படையே தன் சிறுகுடலைத் தாக்கத் தொடங்குகிறது. உணவின் சத்தை உறிஞ்சும் நுண்விரல்கள் போன்ற அமைப்புகள் தேய்ந்து மழுங்குகின்றன. குழந்தையின் வளர்ச்சி குன்றும்; இரத்தசோகை வரும்; எலும்பு வலுவிழக்கும். இதற்குரிய சிகிச்சை வாழ்நாள் முழுவதும் குளூட்டனை விலக்கி வாழ்வதே.

பஞ்சம் கற்பித்த பாடம்

ரொட்டிதான் நோய்க்குக் காரணம் என்று உலகம் நம்புவதற்குப் பல ஆண்டுகள் ஆயின. 1888-இல் லண்டன் மருத்துவர் சாமுவேல் கீ இந்நோயைத் தெளிவாக விவரித்து, குணமாவதென்றால் உணவு முறையாலேயே ஆக வேண்டும் என்று கருதினார். எந்த உணவு என்பது அவருக்குப் புலப்படவில்லை. நெதர்லாந்தின் ஹேக் நகரில் குழந்தை மருத்துவராயிருந்த வில்லெம் டிக்கே, 1930-களிலேயே கோதுமையின்மேல் ஐயம் கொண்டிருந்தார். 1944–45 குளிர்காலத்தில் அந்நாட்டைக் கொடும் பஞ்சம் வாட்டியது. ரொட்டி அரிதாகிப் பல்லாயிரவர் பசியால் நலிந்தபோது, சீலியாக் நோயுற்ற குழந்தைகள் தேறினர். ரொட்டி மீண்டும் வந்தபோது நோயும் திரும்பியது. 1950-இல் டிக்கே தம் ஆய்வேட்டில் கோதுமையின் பங்கை நிறுவினார்.

எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி இது. அந்தக் குழந்தைகளுக்கு ரொட்டி ஊட்டியவர்கள் கொடியவர்கள் அல்லர். பெற்றோரும் செவிலியரும் தம்மிடமிருந்த சிறந்ததையே ஊட்டினர். அவர்களிடம் அன்பு குறையவில்லை, அறிவு எட்டவில்லை. அறியாமல் செய்ததற்காக அவர்கள்மேல் குற்றம் சுமத்த இயலாது. ஆயினும் அறிந்தபின் நம் நிலை மாறுகிறது. அறிவு வந்த இடத்தில் பொறுப்பும் வந்துவிடுகிறது.

'கொஞ்சந்தானே!'

அரிசியை உண்டு வளர்ந்த நமக்கு இந்நோய் தொலைவிலுள்ளதாகத் தோன்றலாம். 2016-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு, வடமாநில மக்களிடையே ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கும், தென்னாட்டில் ஏறத்தாழப் பத்தாயிரத்துக்கு ஒருவருக்கும் சீலியாக் நோய் உள்ளதாகக் காட்டியது. இட்டிலி, இடியாப்பம், புட்டு, ஆப்பம் என நம் பழைய பலகாரங்கள் பலவும் இயல்பாகவே குளூட்டன் அற்றவை. ஆனால் அரிதாயிருப்பதே ஒருவகையில் ஆபத்து. பத்தாயிரத்தில் ஒருவராயிருப்பவரின் சொல்லை மற்ற ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேரும் எளிதில் நம்புவதில்லை.

நம் பந்திகளில் அடிக்கடி கேட்கும் சொல் ஒன்றுண்டு: "கொஞ்சந்தானே, சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்?" அன்பின் மிகுதியால் பிறக்கும் சொல் இது. விருந்தினர் மறுத்தால் மனம் நோகும் இல்லத்தரசியும் உண்டு. ஆனால் இந்நோயில் கொஞ்சம் என்பது கொஞ்சமன்று. நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் தொடர்ந்து சென்றாலே சில மாதங்களில் குடல் பழுதுபடும் என்று மருத்துவ ஆய்வு காட்டியுள்ளது. அது ரொட்டியிலிருந்து உதிரும் சில துணுக்குகளின் அளவே. பன்னாட்டு உணவுத் தரக்குழுவான கோடெக்ஸ், குளூட்டன் அற்றது என்று சொல்லத்தக்க உணவில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்று 2008-இல் வரையறுத்தது. ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு! அன்பு இத்துணை நுட்பமாக அளக்கப்படும் இடம் வேறெங்கும் உண்டோ?

ஆகவே மஃபின் செய்ய முனைபவர் முதலில் மாவைத் தேடுவதில்லை. தம் சமையலறையைச் சோதிக்கிறார். நேற்றுச் சப்பாத்திக்குச் சலித்த சல்லடையின் கண்களில் கோதுமை ஒட்டியிருக்கும். பழைய மரக்கரண்டியின் வெடிப்பில் மைதா தங்கியிருக்கும். கடையில் வாங்கிய பேக்கிங் பவுடரில் கோதுமை மாச்சத்து சேர்ந்திருக்கக்கூடும். சாம்பாரில் இடும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? நெருப்பு எல்லாவற்றையும் தூய்மையாக்கும் என்பது நம் நம்பிக்கை. அடுமனை அடுப்பின் வெப்பம் கிருமியைக் கொல்லும், குளூட்டனை அழிக்காது. சோப்பும் தண்ணீரும் கொண்டு பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவும் எளிய வேலையே அதை நீக்கும்.

இங்கே ஓர் உண்மை புலனாகிறது. நல்லெண்ணம் அறத்தின் தொடக்கமே. நல்லெண்ணத்தோடு நின்றுவிட்ட அன்பு பாதி வழியில் நின்ற அன்பு. பிறருக்கு எது ஆகும், எது ஆகாது என்று கேட்டறிந்து, சீட்டைப் படித்து, சல்லடையைக் கழுவும்போதுதான் அது முழு வழியையும் கடக்கிறது. மறுபுறம், நோயேதுமின்றி நாகரிகத்துக்காகக் கோதுமையை விலக்குவோரும் இன்று உளர். உணவுக்கடையில் அதை வற்புறுத்திக் கேட்டுவிட்டு, இறுதியில் மைதாக் கேக்கை ஒரு துண்டு சுவைக்கின்றனர். அதைக் காணும் பணியாளர், அடுத்து வரும் உண்மையான நோயாளியின் வேண்டுகோளையும் விளையாட்டாகவே கொள்வார். தன் உணவைத் தேர்வது ஒருவரின் உரிமைதான். அவ்வுரிமையை விளையாட்டாக்குவதன் விலையைக் கொடுப்பவர் வேறொருவர்.

தனித் தட்டா, பொதுத் தட்டா?

இனி நம் கேள்வியின் நடுப்பகுதிக்கு வருவோம். வீட்டில் பிறந்தநாள். பத்துக் குழந்தைகள் வருகின்றனர். ஒரு குழந்தைக்குச் சீலியாக் நோய். ஒன்பது பேருக்கு மைதா மஃபின் சுட்டு, அந்த ஒரு குழந்தைக்குத் தனித் தட்டில் வேறொன்று வைப்பதா? அல்லது பத்துப் பேரும் உண்ணத்தக்க ஒன்றையே செய்வதா?

தனித் தட்டு வைப்பவரைக் குறைகூற இயலாது. அவர் நினைவில் வைத்தார், அக்கறையோடு செய்தார். ஆயினும் அந்தக் குழந்தையின் இடத்திலிருந்து பார்ப்போம். அதன் வயிறு நிறைந்தது. ஆனால் பந்தியிலிருந்து அது பாதி விலகி அமர்ந்தது. பக்கத்துத் தட்டிலிருந்து எடுக்கவும் முடியாது. தன் தட்டிலிருந்து கொடுத்தால் வாங்குவோரும் இல்லை. தனிக்குவளையின் கொடுமையை அறிந்த நாடு நம்முடையது. நோயை முன்னிட்டுக் காப்பதற்காக வைத்த தட்டும், இழிவுபடுத்துவதற்காக வைத்த குவளையும் ஒன்றல்ல என்பதை அறிவோம். எனினும் விலகி உண்பவரின் தனிமையை, நோக்கம் நல்லதாயிருப்பது மட்டுமே போக்கிவிடுவதில்லை.

'ஒருவருக்காக ஒன்பது பேர் ஏன் இழக்க வேண்டும்?' என்பது நியாயமான வினா. கொரிந்து நகரில் உணவைப் பற்றி எழுந்த பூசலில் திருத்தூதர் பவுல் தந்த விடை நமக்குத் தெரியும். தம் உணவு சகோதரருக்கு இடறலாகுமானால் அதை என்றுமே உண்பதில்லை என்று அவர் முடிவு செய்தார். அவருக்கு உரிமை இருந்தது; உரிமையை அவர் மறுக்கவுமில்லை. வலியவர் தம் உரிமையைச் சற்று ஒதுக்கி வைத்தால் எளியவருக்கு இடம் கிடைக்கும் என்றுணர்ந்தார். ஒன்பது பேர் இழப்பது ஒரு மாலை நேரத்துச் சுவை. ஒருவர் பெறுவது பந்தியில் முழு இடம்.

ஆனால் உண்மையில் இழப்பு உண்டா என்பதையும் அடுப்படியிலேயே பார்ப்போம். கோதுமை மாவில் நீர் சேர்ந்ததும் குளூட்டன் வலைபோல் பின்னிக்கொள்கிறது. அந்த வலை காற்றைப் பிடித்து வைப்பதால்தான் ரொட்டி எழும்புகிறது. ரொட்டிக்கு அது இன்றியமையாதது. மஃபினின் கதை வேறு. மஃபின் மாவை மிகுதியாகக் கலக்கினால் அதே வலை இறுகிப் பண்டம் கெட்டியாகிவிடும். ஆகவே 'அதிகம் கலக்காதீர்' என்பதே மஃபின் செய்வோர் முதலில் கற்கும் பாடம். ரொட்டியில் எது வலிமையோ, மஃபினில் அதை அடக்கியே வைக்க வேண்டியிருக்கிறது. அரிசி மாவும் மரவள்ளி மாவும் கலந்து, முட்டையும் சிறிது இசப்கோல் உமியும் சேர்த்து, மாவு நீரை உறிஞ்ச அரைமணி நேரம் ஊறவிட்டுச் சுட்டால் மஃபின் மெத்தென்றே வரும். ஊறவிடாவிட்டால் நாவில் நறநறக்கும். பொறுமை ஒன்றே அது கூடுதலாகக் கேட்பது.

இன்னும் சிறந்த வழியொன்றும் உண்டு. கெய்ரோவில் பிறந்த கிளாடியா ரோடன் 1968-இல் வெளியிட்ட மத்தியக் கிழக்கு உணவு நூலில் ஆரஞ்சு–பாதாம் கேக் ஒன்று இடம்பெற்றது. இரண்டு ஆரஞ்சுப் பழங்களைத் தோலோடு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் வேகவைத்து, விதை நீக்கி, தோலும் சதையுமாக அரைக்க வேண்டும். அதனோடு ஆறு முட்டை, ஏறத்தாழக் கால் கிலோ பாதாம் பொடி, அதே அளவு சர்க்கரை, சிறிது பேக்கிங் பவுடர். அவ்வளவே. சிறு கிண்ணங்களில் ஊற்றிச் சுட்டால் மணமுள்ள மஃபின். மாவு என்பது அறவே இல்லை. ஆயினும் உண்பவர் எவரும் மாவைத் தேடுவதில்லை.

இந்தக் கேக் செபார்டிக் யூதரின் சமையல் மரபைச் சேர்ந்தது. 1492-இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட மக்களின் வழியினர் அவர்கள். பாஸ்கா நாள்களில் புளித்த மாவு வீட்டில் எங்குமே இருத்தலாகாது என்பது அவர்தம் சட்டம். அந்நாள்களில் மாவுக்குப் பதிலாகக் கொட்டைகளை அரைத்துக் கேக் செய்தனர். புளியாத அப்பம் கோதுமையாலாவதும் உண்டு. எனவே அவர்கள் விலக்கியதும் சீலியாக் நோயாளி விலக்குவதும் ஒன்றல்ல. ஆயினும் இரண்டு பாடங்கள் நமக்குண்டு. வீட்டில் ஒருவருக்கென்றில்லாமல் வீடு முழுவதற்கும் அவ்விலக்கு உரியதாயிருந்தது. ஆகவே எவரும் தனித்து விடப்படவில்லை. மேலும், விலக்கு அவர்களை வறியவர்களாக்கவில்லை. இல்லாததற்கு ஒரு போலியைத் தேடாமல், தானே நிறைவான வேறொரு பண்டத்தை அவர்கள் ஆக்கினர்.

நாள்தோறும், எல்லா வேளையும், எல்லாரும் இவ்வாறே உண்ண வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. பாதாம் விலையுயர்ந்தது, ஏழை வீட்டில் அரிசி மாவே போதும். தம் பொருட்டுப் பிறர் வருந்துவதை விரும்பாத விருந்தினரும் உளர். அவரது கூச்சத்தையும் மதிக்க வேண்டும். சில நாள்களில் தனித் தட்டே இயலும் வழி. அப்போது அதை மறைவில் நீட்டாமல், மற்றத் தட்டுகளைப் போலவே அழகுற நடுவில் வைக்கலாமே.

பலிபீடத்தின் அருகில்

இக்கேள்வி நம் ஆலயத்துக்குள்ளும் வருகிறது. நற்கருணை அப்பம் கோதுமையாலானதாகவே இருக்க வேண்டும் என்பது திருஅவையின் ஒழுங்கு. குளூட்டன் முற்றிலும் நீக்கப்பட்ட அப்பம் செல்லாது என்றும், மிகக் குறைந்த அளவு குளூட்டன் கொண்ட அப்பம் செல்லும் என்றும், அதையும் ஏற்க இயலாத பொதுநிலையினர் இரசத்தை மட்டும் உட்கொள்ளலாம் என்றும் 2003-இல் உரோமையிலிருந்து வந்த மடல் தெளிவுபடுத்தியது. 2017-இல் வந்த மடல் அதை நினைவூட்டியது. இங்கே அப்பம் மாறுவதில்லை. ஆனால் மனிதர் திருப்பி அனுப்பப்படுவதும் இல்லை. அவருக்கெனக் கிண்ணம் திறந்திருக்கிறது. திருப்பலியில் அப்பத்தின் சிறு துண்டு இடப்படும் கிண்ணம் அவருக்கு ஆகாது. தனிக் கிண்ணம் வேண்டும். இதை நினைவில் வைக்கும் பங்குத்தந்தையும் திருப்பொருள் அறைப் பணியாளரும் இறையியலை ஒரு கிண்ணத்தின் அளவில் வாழ்கின்றனர்.

வீட்டுப் பந்தியில் உணவை மாற்றும் உரிமை நம்மிடமே இருக்கிறது. அங்கே நம்மைத் தடுக்கும் ஒழுங்கு ஏதுமில்லை; பழக்கமும் சோம்பலுமே தடுக்கின்றன. ஆகவே அடுத்த முறை விருந்துக்கு அழைக்கும்போது, 'என்ன பிடிக்கும்?' என்று கேட்பதோடு, 'எது ஆகாது?' என்றும் கேட்போம். விடை வந்தால் ஐயுறாது ஏற்போம். பிறகு சல்லடையைக் கழுவி, ஆரஞ்சை வேகவைத்து, எல்லார்க்கும் ஒரே தட்டில் பரிமாறுவோம்.