யாருக்குத் தூய்மை?

விழிஞ்ஞம் என்னும் பெயர் தமிழ் வரலாறு பயின்றோர்க்குப் புதியதன்று. ஆய் மன்னர்களின் துறைமுகமாய் விளங்கிய ஊர் அது. எட்டாம் நூற்றாண்டில் பாண்டியன் நெடுஞ்சடையன் அதன் கோட்டையைத் தகர்த்த செய்தியைச் செப்பேடுகள் கூறுகின்றன. பின்னாளில் சோழரும் அதன்பொருட்டுப் படை நடத்தினர். வேந்தர் பலர் அச்சிறு கரையை நாடியதற்குக் காரணம் அதன் கடல்தான். கரைக்கு அண்மையிலேயே இருபது மீட்டர் அளவுக்கு ஆழம். கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் பெருங்கப்பல் வழி அங்கிருந்து ஏறத்தாழப் பத்துக் கடல்மைல் தொலைவில். இன்று அங்கே எழுந்திருக்கும் பன்னாட்டுத் துறைமுகத்துக்கும் இவ்விரண்டே முதல். 2015இல் ஒப்பந்தமாகி, 2024 ஜூலையில் முதல் சரக்குக் கப்பலை வரவேற்று, 2025 மே 2ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது அது.

அத்துறைமுகத்தை ஒட்டி இப்போது ஒரு புதுச்சொல் வழங்குகிறது: பசுமை ஹைட்ரஜன். கொச்சியிலும் திருவனந்தபுரத்திலும் பசுமை ஹைட்ரஜன் மையங்கள் அமைப்பதாகக் கேரள அரசு தன் 2023ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்து, இரண்டு ஆண்டுகளில் 200 கோடி ரூபாய் தருவதாகவும் கூறியது. அதே ஆண்டு ஜனவரியில் நடுவண் அரசு 19,744 கோடி ரூபாயில் ஓர் இயக்கத்தைத் தொடங்கி, 2030க்குள் ஆண்டுக்கு ஐம்பது லட்சம் டன் என்று இலக்கு வைத்தது. நீரில் மின்சாரத்தைச் செலுத்தினால் அது பிராணவாயுவாகவும் ஹைட்ரஜனாகவும் பிரியும். ஹைட்ரஜனை எரித்தால் புகை இல்லை; மீண்டும் நீரே மிஞ்சும். செலுத்திய மின்சாரம் ஆற்றிலிருந்தோ காற்றிலிருந்தோ வெயிலிலிருந்தோ பிறந்ததாயின் அதற்குப் ‘பசுமை’ என்ற பட்டம் சூட்டப்படுகிறது. நாளைய கப்பல்கள் ஹைட்ரஜனையோ, அதிலிருந்து ஆக்கிய அம்மோனியாவையோ எரித்துச் செல்லும் என்கிறார்கள். கப்பல் வரும் துறையிலே எரிபொருளும் கிடைத்தால் நன்றுதானே என்று எவரும் எண்ணுவர்.

நன்றுதான். ஆயினும் கேட்க வேண்டிய ஒன்று உண்டு. தூய்மை என்பது ஒரு பொருளின் குணமா? அல்லது அப்பொருளைக் கொள்வோர்க்கும், அது கிடைக்கும்படி எதையேனும் விட்டுக்கொடுத்தோர்க்கும் இடையே நிலவும் உறவின் குணமா? வள்ளுவர் பொருளைப் போற்றியவர். அதற்கெனத் தனி அதிகாரமே வகுத்தவர். ஆனால் அது எவ்வழி வந்தது என்று கேளாமல் அவர் அதனை வாழ்த்தவில்லை. காசுக்குப் பொருந்தும் அக்கேள்வி எரிபொருளுக்குப் பொருந்தாது என்பதற்கு எனக்குக் காரணம் புலப்படவில்லை.

முதலில் ஒரு சிறு கணக்கு. ஒரு கிலோ ஹைட்ரஜன் ஆக்க ஏறத்தாழ 52 யூனிட் மின்சாரம் வேண்டும். அந்தக் கிலோவைத் திரும்ப மின்சாரமாக்கினால் அதில் மூன்றில் ஒரு பங்களவே கைக்கு வரும். கேரளத்தின் மிகப் பெரிய நீர்மின் நிலையமான இடுக்கி 780 மெகாவாட் திறனுடையது. ஆண்டுக்கு ஏறக்குறைய 240 கோடி யூனிட் தருவதற்கென வகுக்கப்பட்டது. அதன் மின்சாரத்தை ஒரு துளியும் விடாமல் இப்பணிக்கே செலவிட்டாலும் கிடைப்பது 46,000 டன் அளவே. நாட்டின் இலக்கில் அது நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது. கேரளமோ தனக்கு வேண்டிய மின்சாரத்தில் பெரும்பகுதியை வெளி மாநிலங்களில் விலைக்கு வாங்கும் மாநிலம். அந்தி வேளையில் விளக்கேற்றப் பிறரிடம் வாங்குகிறவன், தன் வீட்டு எண்ணெயைக் கப்பலுக்கு விற்க முனைந்தால் அயலார் அவனைப் பார்த்து என்ன சொல்வர்?

இனி அந்த இடுக்கியின் கதைக்கு வருவோம். 1920களில் காட்டில் வேட்டைக்குச் சென்ற டபிள்யூ. ஜே. ஜான் என்ற தோட்ட மேற்பார்வையாளருக்கு, குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் நடுவே பெரியாறு நுழைந்து பாயும் இடுக்கைக் காட்டியவர் கொலும்பன் என்னும் ஊராளிப் பழங்குடித் தலைவர். அவர் காட்டிய இடத்திலேதான் 1970களில் 169 மீட்டர் உயரத்து வளைவணை நிறைவெய்தியது. அணைக்கு அருகில் கொலும்பனுக்கு நினைவிடம் இருக்கிறது. வழி காட்டியவனுக்குச் சிலை, அவன் குலத்தார் திரிந்த காட்டுக்கு நீர்மூழ்கல் என்பது நம் காலத்து நன்றியறிதலின் வடிவம் போலும். இன்னொரு செய்தியும் பலர் அறியாதது. அணையில் தேங்கும் பெரியாற்று நீர் மலையைக் குடைந்து மூலமற்றத்துக்கு இறங்கி, மின்சாரம் தந்தபின் தொடுபுழை வழியாக மூவாற்றுப்புழையில் சேர்கிறது. ஆற்றின் நீரை ஆலை குடிப்பதில்லை என்பது உண்மை. ஆனால் ஓர் ஆற்றின் நீர் வேறோர் ஆற்றுக்குப் போய்விடுகிறது. கீழே பெரியாற்றங்கரையில் வாழ்வோரின் கோடையும் அதனோடு மாறுகிறது.

இந்திய அரசு 2019 மார்ச்சில் பெரிய நீர்மின் திட்டங்களையும் புதுப்பிக்கத்தக்க ஆற்றலின் பட்டியலில் சேர்த்தது. அதற்கு முன் 25 மெகாவாட்டுக்கு உட்பட்டவையே அப்பட்டியலில் இருந்தன. 2023இல் வந்த தர வரையறை, ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு இரண்டு கிலோ கரியமிலவாயுவுக்கு மிகாமல் இருந்தால் அது பசுமை என்றது. இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்கு அமைதிப் பள்ளத்தாக்கு நினைவுக்கு வருகிறது. பாலக்காட்டு மலைகளில் குந்திப்புழைக்குக் குறுக்கே 120 மெகாவாட் நிலையம் அமைக்க மின்வாரியம் முயன்றபோது சாலிம் அலி போன்ற அறிஞரும் சுகதகுமாரி போன்ற கவிஞரும் எதிர்த்து நின்றனர். 1983இல் திட்டம் கைவிடப்பட்டு, அடுத்த ஆண்டு அக்காடு தேசியப் பூங்காவாயிற்று. இன்று அதே அணைக்கு விண்ணப்பம் வருமாயின், ‘பசுமை’ என்ற சொல் விண்ணப்பத்தின் பக்கம் நிற்கும். காட்டை மூழ்கடிப்பது பசுமை, காப்பது தடை என்று ஆகிவிடும். பட்டியலில் ஒரு வரியை மாற்றி எழுதியதால் ஆற்றின் தன்மை மாறிவிட்டதா?

ஆற்று மின்சாரத்தால் பொருள்களைப் பிரித்தெடுக்கும் தொழில் நமக்குப் புதிதுமன்று. 1934இல் மேட்டூர் அணை எழுந்தது. சில ஆண்டுகளில் காவிரியின் மின்சாரத்தை நம்பி அங்கே இரசாயனத் தொழில் வேரூன்றியது. 1940இல் பள்ளிவாசல் நிலையம் ஒளிர்ந்தபின் ஆலுவாயை அடுத்த ஏலூரில் ஆலைகள் நெருங்கின. உப்புநீரை மின்சாரத்தால் பிரித்துக் காரச்சோடா எடுக்கும் ஆலைகளில் ஹைட்ரஜன் தானாகவே பக்கப்பொருளாய்க் கிடைத்தது. பஞ்சாபின் நங்கலிலோ, 1960களின் தொடக்கத்தில், பக்ரா அணையின் மின்சாரத்தால் நீரைப் பிரித்து அந்த ஹைட்ரஜனைக் கொண்டு உரமே செய்தனர். இன்று ‘பசுமை’ என்று போற்றப்படுவதை அன்று எவரும் அப்பெயரால் அழைக்கவில்லை. பின்னர் அந்த மின்சாரத்துக்கு வயலும் வீடும் போட்டியிட்டபோது உர ஆலை வேறு மூலப்பொருளை நாடிற்று. ஏலூரையோ ஆற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2024 மே மாதம் அங்கே பெரியாற்றில் மீன்கள் கூட்டங்கூட்டமாய் மடிந்து மிதந்தன. காரணம் இன்னதென்று அரசுத் துறைகள் தமக்குள் வழக்கிட்டன. கூண்டு வைத்து மீன் வளர்த்தோர் முதலை இழந்தனர்.

இவ்வளவும் கேரளத்தார் கதை, நமக்கென்ன என்று தமிழர் நாம் ஒதுங்க இயலாது. பெரியாற்று நீர் முல்லைப்பெரியாறு அணையிலிருந்து நம் பக்கம் திரும்பித் தேனி, மதுரை வயல்களை வாழ்விக்கிறது. இறங்கும் வழியில் லோயர் கேம்ப்பில் மின்சாரமும் தருகிறது. 1970ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி அம்மின்சாரத்துக்கு நாம் கேரளத்துக்குத் தர ஒப்பியது கிலோவாட்-ஆண்டுக்குப் பன்னிரண்டு ரூபாய். கணக்கிட்டால் ஒரு யூனிட்டுக்கு ஒரு பைசாவின் ஏழில் ஒரு பங்களவு வரும். வாங்கும் இடத்தில் நாம் நின்றபோது அவ்விலை நமக்கு நியாயமாகத் தோன்றியது. ஆகவே பிறர் ஆற்றின்மேல் ஏற்றிய சுமையைப் பேசுமிடத்து நம் கையையும் பார்த்துக்கொள்வது நலம்.

நம் மலைகளும் விழிஞ்ஞத்தில் கிடக்கின்றன. அங்கே கடலுக்குள் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளும் அலைதடுப்புச் சுவருக்குக் குமரி மாவட்டத்துக் குன்றுகளிலிருந்தும் கல் சென்றது. கனரக வண்டிகள் ஓயாது ஓடிய சாலைகளைப் பற்றி அம்மாவட்டத்தார் முறையிட்டதை நாளிதழ் படிப்போர் அறிவர். அச்சுவரின் மறுபுறம் கடலோர மக்கள். 2022 ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை நூறு நாளுக்கு மேல் அவர்கள் துறைமுக வாயிலில் போராடினர். கடலரிப்பில் வீடிழந்து வலியதுறைக் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்த குடும்பங்களுக்கு வீடு கேட்டதும் அப்போராட்டத்தின் பகுதி. அரிப்புக்குத் துறைமுகமே காரணமா, முன்பே இருந்த அரிப்பா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நீதி கேட்பவன் முதலில் நிபுணனாகிவிட்டு வர வேண்டும் என்று சொல்வது மட்டும் எந்த அறத்திலும் இல்லை.

அதே விழிஞ்ஞத்தில் வேறொரு முயற்சியும் நடந்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் கடற்பொறியியலார் அங்கே மீன்பிடித் துறைமுகத்துச் சுவரை ஒட்டி, அலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையமொன்றை 1991இல் இயக்கினர். அலை ஏறி இறங்குகையில் கற்காரை அறைக்குள் அடைபட்ட காற்று அழுந்திச் சுழலியைச் சுழற்றும். திறன் 150 கிலோவாட். தென்மேற்குப் பருவக்காற்றின்போது நன்கு ஓடும், மற்ற மாதங்களில் தளரும். பிற்காலத்தில் அம்மின்சாரத்தால் கடல்நீரைக் குடிநீராக்கியும் பார்த்தனர். செலவுக்கேற்ற பயன் தராமையால் 2011இல் அது கைவிடப்பட்டது. அதனைக் காவியமாக்க நான் விரும்பவில்லை. பொருளாதாரத்தில் அது தோற்றதே. ஆனால் அதில் எடுத்தவன், கொடுத்தவன், பயன்பெற்றவன் மூவரும் ஒரே கரையில் இருந்தனர். இனி வரும் ஆலைகளில் மூவரும் மூன்று நாடுகளில் இருப்பர்.

அவருள் மூன்றாமவர் பெரும்பாலும் நாமே. இம்மலரைப் படிக்கும் அன்பர் பலர் பிழைப்பின்பொருட்டுத் தாயகம் விட்டு வந்து, வந்த ஊரின் வெளிச்சத்தில் பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்கள். சிங்கப்பூர் அரசு 2022இல் வெளியிட்ட திட்டத்தில், 2050ஆம் ஆண்டளவில் தன் மின்தேவையில் பாதிவரை ஹைட்ரஜனால் நிறைவேறக்கூடும் என்றிருக்கிறது. சொந்தமாய்ப் பேராறோ பரந்த வெளியோ இல்லாத நாடு அதனை வெளியிலிருந்தே பெற வேண்டும். தூத்துக்குடியில் ஆக்கும் பசுமை அம்மோனியாவை ஜப்பானுக்கு அனுப்பச் சிங்கப்பூர் நிறுவனம் ஒன்று 2024இல் ஜப்பானிய நிறுவனங்களோடு உடன்பாடு கண்டது. நாளை நம் அடுக்குமாடி வீட்டின் மின்தூக்கி, நம் பாட்டன் குளித்த ஆற்றின் ஆற்றலாலோ, அவன் ஊர்க் காற்றின் ஆற்றலாலோ ஏறி இறங்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. யாரிடம் கேட்டு எடுத்தார்கள் என்று நாம் விசாரிக்காமல் இருந்தால்தான் வெட்கம்.

வேண்டாமென்று மறுப்பதும் மாசற்ற செயலன்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2017இல் ஒக்கிப் புயல் குமரி, திருவனந்தபுரக் கரைகளில் எத்தனை மீனவரைக் கொண்டுபோயிற்று! கடல் சூடேறினால் முதலில் அடிபடுவது இதே குடிசைகள். நிலக்கரியை எரித்துக்கொண்டே ஆற்றைக் காத்தேன் என்பவன் கடலோரத்தானுக்குப் பகைவன். ஆதலின் பருவமழையில் அணை நிரம்பி, வழிந்து வீணாகும் நாள்களின் மின்சாரத்தையும், அணைநீரின்மேல் மிதக்கும் சூரியத் தகடுகளின் மின்சாரத்தையும் ஹைட்ரஜனாக்குவதை நான் வரவேற்பேன். புதிதாய் ஓர் ஆற்றை மறிப்பதையும், ஊரின் அந்தி விளக்கைத் தணித்துக் கப்பலுக்கு ஊட்டுவதையும் வரவேற்க மாட்டேன். எரிபொருளோடு செல்லும் சான்றிதழில் கரியமிலவாயுவின் எடையை எழுதுவதுபோல், மின்சாரம் தந்த ஆற்றின் பெயரையும் அதன் கரையில் ஒப்புதல் தந்த ஊர்களின் பெயரையும் எழுதினால் என்ன? அச்சிட இரண்டு வரி போதும்.

2025 செப்டம்பரில் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் ஒரு சோதனை ஆலை தொடங்கிற்று. மணிக்குப் பத்துக் கன மீட்டர் ஹைட்ரஜன். செலவு நான்கு கோடிக்குச் சற்றுக் குறைவு. அது முதலில் எரியச் செய்வது துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளை.