குறுமரமும் பெருமிதமும்

புது தில்லி லோதித் தோட்டத்தில் தேசியப் பொன்சாய்ப் பூங்கா ஒன்று உளது. வானளாவ வளரத்தக்க மரங்கள் அங்கே தட்டுகளில் வாழ்கின்றன. வேரைக் கத்தரித்து, கிளையிற் கம்பி சுற்றி, ஆண்டாண்டாகப் பேணுவதே பொன்சாய்க் கலை. அவற்றுள்ளும் பெரியனவற்றைத் தூக்குவோர் கைகளால் அளப்பர். எட்டுக் கை மரமெனில் நால்வர் சேர்ந்து தூக்கவேண்டும். குறுக்குதற்கென்றே பிறந்த கலையிலும் 'எனதே பெரிது' என்னும் போட்டி புகுந்தது!

இஃது அறமாகுமா? செடிகொடிகளைச் சிதைத்தலை வினயம் பிக்குகளுக்கு விலக்கியது. இல்லறத்தார்க்கு அவ்விதி இல்லை. ஆயினும் எண்ணமே வினையென்பது பகவன் புத்தர் போதனை.

1964-இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி அந்நகரின் புத்த ஜயந்திப் பூங்காவில் இலங்கையிலிருந்து வந்த போதிக் கன்றை நட்டார். நிலத்தில் ஊன்றிய மரம் தன் நீரைத் தானே தேடும். தட்டு மரமோ தில்லி வேனிலில் ஓரிரு நாள் நீர் தவறினும் வாடும். வேரைக் குறுக்கியவன் அதன் தாகத்திற்குக் கடன்பட்டவன் அன்றோ?

ஆதலின் நம்மை நாமே வினவுவோம்: காண எவரும் வராத நாளிலும் அதே அன்புடன் நீர் வார்ப்போமா? வார்ப்போமாயின் அது வளர்ப்பு. இன்றேல் வெறும் செருக்கு.