காத்திருத்தல் கர்மமா, அகர்மமா?

கர்மம் எது, அகர்மம் எது என்னும் விசாரம் ஸ்ரீமத் பகவத்கீதையின் நான்காம் அத்தியாயத்தில் வருகிறது. வேதாந்த வகுப்போடு அது முடிந்துவிடும் என்று எண்ணுவோர் உண்டு. வயது முதிர்ந்த ஆண்மக்கள் சிலருக்கோ அதே விசாரம் வைத்தியர் முன்னிலையில், ஒரு பரிசோதனைத் தாளின் வடிவில் வந்து நிற்கிறது.

சிறுநீர்ப்பையின் அடியில் உள்ள பிராஸ்டேட் சுரப்பியில் காணும் புற்றுநோய் சிலருக்கு எலும்புவரை பரவும். பலருக்கு வெகு மெதுவாகவே வளரும். நோய் சுரப்பிக்குள் அடங்கியது, வேகமற்றது என்று தெரிந்தால், அறுவையை விரும்பாதவர்க்கு வைத்தியர் இரு வழிகள் கூறுவார். ஒன்று, ஜனங்கள் 'கரண்ட் வைப்பது' என்னும் கதிர்வீச்சு. மற்றொன்று, சிகிச்சையை ஒத்திவைத்து, பி.எஸ்.ஏ. என்னும் ரத்தப் பரிசோதனையைச் சில மாதங்களுக்கொருமுறை செய்து, தேவையானபோது ஸ்கேனும் தசைப் பரிசோதனையும் எடுத்துக் கண்காணித்து வருவது.

உழவர்கரை மக்கள் இதற்காக நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. 1823இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர், கோரிமேட்டில் புற்றுநோய் மையத்துடன் விளங்குகிறது. அவ்விடத்தின் பெயர் தன்வந்தரி நகர்! அமுதகலசம் ஏந்தி வந்த எம்பெருமானின் திருநாமம் அதற்கு வாய்த்தது பொருத்தமே.

"வியாதியை உடம்பில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பதா?" என்று பிள்ளைகள் பதறுவர். பிரிட்டனில் 1999 முதல் 2009 வரை நோய் கண்டறியப்பட்டவருள் 1643 பேரைச் சீட்டுக் குலுக்கினாற்போல் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என மூன்றாகப் பிரித்து ஆராய்ந்தனர். பதினைந்தாண்டுப் பலன் 2023இல் வெளியாயிற்று. எப்பிரிவிலும் இந்நோயால் மாண்டவர் நூற்றுக்கு ஏறத்தாழ இருவர் அல்லது மூவரே. எனினும் நோய் வேறிடம் பரவியது கண்காணிப்பில் நூற்றுக்கு 9 பேருக்கு. கதிர்வீச்சில் 5 பேருக்கு. கண்காணிப்பில் இருந்தோரிலும் 60 சதவீதத்துக்கு மேற்பட்டோர் பின்னர் சிகிச்சை பெற்றனர். இவர்கள் நோயை ஆரம்பத்திலேயே அறிந்தவர்கள். நம் நாட்டில் எலும்பு வலி வந்தபின் வைத்தியரை நாடுவோர் பலர். அவர்க்கு இக்கணக்கு பொருந்தாது.

ஆக, கண்காணிப்பு சும்மா இருத்தலன்று. அதை மார்ஜார நியாயம், தாய்ப்பூனை கவ்விச் செல்லும் குட்டியின் நிலை, என்று சிலர் விளையாட்டாய்ச் சொல்வதுண்டு. அந்த நியாயம் ஆன்மாவின் உஜ்ஜீவனத்தைக் குறித்தது. ரத்தப் பரிசோதனையைக் குறித்ததன்று. 'பெருமாள் பார்த்துக்கொள்வார்' என்று தேதியைத் தவறவிடுபவர் சரணாகதி செய்தவரல்லர். சோம்பலுக்குத் திருமண் சாத்தியவர். தவறாமல் வர இயலாதவர்க்குக் கதிர்வீச்சே மேல் என்பது அடியேன் கருத்து.

அதுபோலவே, பயம் ஒன்றினாலேயே கதிர்வீச்சுக்கு விரைவதும் விவேகமாகாது. மூத்திரக் கடுப்பு, மலத்தில் ரத்தம், தாம்பத்தியத்தில் தளர்வு ஆகியவை சிலருக்கு நேரும். எண்பதை எட்டி இருதய நோயும் உடையவர்க்கு ஒரு நியாயம். ஐம்பத்தெட்டில் திடகாத்திரமாய் இருப்பவர்க்கு வேறு நியாயம்.

தகப்பனாருக்குத் தெரிவிக்காமல் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பிள்ளைகள் கூடி முடிவெடுப்பது நம்மிடையே வழக்கம். அன்பினால் செய்தாலும் அது தர்மமன்று. கர்த்தாவை விலக்கிவிட்டு ஸங்கல்பம் செய்து வைக்க எந்தப் புரோகிதரும் உடன்படமாட்டார். இங்கே கர்த்தா நோயாளியே.

கண்காணிப்பை ஏற்பவர் வைத்தியரிடம் இரண்டைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: எந்த மாறுதல் கண்டால் சிகிச்சை தொடங்கும்? அடுத்த பரிசோதனை எந்நாள்? அந்நாளை, ஏகாதசி குறித்து வைத்திருக்கும் பஞ்சாங்கத்தின் ஓரத்திலேயே எழுதிவிடலாம்.