எழுபத்திரண்டு மணி நேரம்

நின்றுபோன இதயத்தை மருத்துவர் மீண்டும் துடிக்கச் செய்துவிட்டார். நோயாளியோ கண் திறக்கவில்லை. இந்த இடைவெளியில் கிடப்பவரை இறந்தவர் என்பதற்கில்லை; பிழைத்தவர் என்று சொல்லவும் நமக்கு நா எழுவதில்லை.

இரத்த ஓட்டம் திரும்பிய பின்னரும் மூளையின் சேதம் பல மணி நேரம் தொடர்கிறது. உடலைக் குளிர்வித்தால் மூளையின் தேவை குறையும், சேதமும் குறையும் என்ற எண்ணத்தில் எழுந்ததே குளிரூட்டும் சிகிச்சை. 2002-இல் வெளியான மெல்பர்ன் ஆய்வில், 33 பாகை செல்சியசுக்குக் குளிர்விக்கப்பட்ட 43 பேரில் 21 பேர் நல்ல நிலையில் மருத்துவமனையை விட்டுச் சென்றனர். குளிர்விக்கப்படாத 34 பேரில் 9 பேரே. சிகிச்சை உலகெங்கும் பரவியது. ஆனால் ஏறத்தாழ 1,900 நோயாளிகளைக் கொண்டு 2021-இல் வெளியான பெரிய ஆய்வோ, காய்ச்சல் வராமல் காப்பதைக் காட்டிலும் குளிர்விப்பதால் கூடுதல் பயன் காணவில்லை. தன் மருந்தையே மறுபடியும் தராசில் இட்டுப் பார்க்கும் அறிவியலின் நேர்மையை நாம் மதிக்கிறோம்.

நம் கவலை வேறு. குளிரில் உடல் நடுங்காதிருக்க மயக்க மருந்தும், தசைகளைத் தளர்த்தும் மருந்தும் தரப்படுகின்றன. குளிர்ந்த உடலில் அவை மெல்லவே கழிகின்றன. கிள்ளினாலும் கை விலகவில்லை என்றால், அது மூளையின் மௌனமா, மருந்தின் மௌனமா? ஆகவேதான் குறைந்தது 72 மணி நேரம் கழிந்த பின்னரே, அதுவும் பல சோதனைகளைச் சேர்த்தே, முன்கணிப்புக் கூற வேண்டும் என்பது மருத்துவ நெறி. இரண்டாம் நாளே 'இவர் எழமாட்டார்' என்று முடிவுசெய்து சுவாசக் கருவியை அகற்றினால், அவர் எழமாட்டார்தான். சொன்னவர் வாக்குப் பலித்ததாகவே தோன்றும். கணிப்பு சரியாயிருந்ததா, கணிப்பே அவரைக் கொன்றதா என்று கேட்பதற்கு அங்கே எவரும் எஞ்சியிருப்பதில்லை.

1957 நவம்பர் 24 அன்று மயக்கவியல் மருத்துவர்களிடம் பேசிய திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், மரண வேளையைத் தீர்மானிப்பது மருத்துவரின் பொறுப்பு என்றார். தமக்கோ பிறர்க்கோ கடுஞ்சுமையாகாத வழக்கமான வழிகளைக் கையாள்வதே கடமை என்றும் தெளிவுபடுத்தினார். இந்த இரண்டாம் கூற்றை அவசரத்துக்குத் துணை நிறுத்துவோர் உண்டு. மூன்று நாள் காத்திருப்பு தன்னளவில் கடுஞ்சுமை என்று நமக்குத் தோன்றவில்லை. அதனைச் சுமையாக்குவது நாள்தோறும் ஏறும் கட்டணமே. நகையை அடகு வைத்துவிட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் நிற்கும் மனைவியிடம் 'பொறுத்திருங்கள், அம்மா' என்று சொல்லும் நாம், நாளைய கட்டணத்தைச் செலுத்தப்போவது யார் என்பதையும் அவரிடம் சொல்ல வேண்டியவர்களாகிறோம்.