யாருக்கான அர்ப்பணம்?

படை அதிகாரி ஒருவரின் மனைவி முதுமையெய்தி இறந்துவிட்டால், அவளைப் பற்றி எழுதுவோர்க்குச் சொற்பஞ்சம் ஏற்படுவதில்லை. குடும்பத்துக்கும் தேசத்துக்கும் தன்னை அர்ப்பணித்தவள், கணவன் தூரதேசத்திலே போரிடுகையில் பிள்ளைகளைத் தனியே வளர்த்தெடுத்தவள், ஊர்விட்டு ஊராக வீடு மாறியும் முகஞ்சுளியாதவள் என்றெல்லாம் எழுதுவார்கள். இவை பொய்யான புகழுரைகளல்ல. அப்பெண்கள் பட்ட பாடு உண்மை. அவர்களுடைய மன உறுதியும் உண்மையே. ஆயினும், இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். 'அர்ப்பணித்தாள்' என்ற வினைக்கு எழுவாய் எப்பொழுதும் தெளிவாக இருக்கிறது; நான்காம் வேற்றுமைதான் மங்கலாகக் கிடக்கிறது. 'தேசத்துக்கு' என்று சொல்லிவிட்டால் போதுமா? தேசத்தில் யாருக்கு? எக்காரியத்துக்கு? தன்னலமற்ற ஒரு செயல், அது எதற்குப் பயன்பட்டது என்ற கேள்விக்கு அப்பாற்பட்டு நின்று, தன்னளவிலேயே அறமாகிவிடுமா?

இக்கேள்வியைப் பொதுப்பட எழுப்பினால் வெறுந் தர்க்கமாகவே முடிந்துவிடும். ஆதலின் ஒரு பெண்ணின் வாழ்க்கையை முன்வைத்து இதனை ஆராய்வோம். சிபில் ஸ்டொக்டேல் என்ற அமெரிக்கப் பெண்மணி 1924ஆம் ஆண்டிற் பிறந்து, 2015இல் தமது தொண்ணூறாவது வயதிற் காலமானவர். மௌன்ட் ஹோலியோக் கல்லூரியின் பட்டதாரி. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்திற் கல்வியியலில் முதுமாணிப் பட்டமும் பெற்றவர். 1947இல் ஜேம்ஸ் ஸ்டொக்டேல் என்னும் கடற்படை அதிகாரியை மணந்து, நான்கு ஆண்மக்களுக்குத் தாயானார்.

கடற்படை அதிகாரியின் பாரியார் என்பது அக்காலத்தில் வெறும் உறவுநிலையன்று. ஊதியமில்லாத ஓர் உத்தியோகம். 1942இலேயே 'கடற்படை மனைவி' என்ற பெயரில் அவர்களுக்கென ஒரு கைந்நூல் வெளிவந்திருந்தது. யாரை எப்பொழுது சந்திக்கச் செல்வது, மேலதிகாரியின் மனைவியிடம் எவ்வாறு ஒழுகுவது, விருந்தை எப்படி நடத்துவது என்பனவெல்லாம் இத்தகைய நூல்களின் பொருள். கணவனின் பதவியுயர்வு மனைவியின் நடத்தையிலும் தங்கியிருந்தது. படைத்தளத்தின் தொண்டுவேலைகளுக்கு மனைவியை வரவழைக்கக் கணவனின் உத்தியோக மதிப்பீட்டைப் பயன்படுத்துதல் ஆகாது என்று பாதுகாப்பமைச்சு எழுத்திற் கட்டளையிட்டது 1980களின் பிற்பகுதியிலேதான். இன்னுமொன்று. படைவீரனின் ஓய்வூதியத்திற் பிரிந்த மனைவிக்குப் பங்கு கொடுக்க மாநிலச் சட்டங்கள் வகைசெய்ய முடியாதென்று 1981இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருபது ஆண்டு வீடு மாறி வீடு மாறித் தன் தொழிலை இழந்தவளுக்குச் சட்டத்தின் கண்ணில் எதுவுமில்லை. மனைவிமார் கிளர்ந்தெழுந்து போராடிய பின்னரே, 1982இற் காங்கிரஸ் அத்தீர்ப்பை மாற்றிச் சட்டமியற்றியது. அர்ப்பணம் எனப் போற்றப்பட்டதைக் கூலி எனக் கணக்கிடும்படி கேட்டதும் அரசு எவ்வளவு விரைவிற் கையை இறுக மூடிக்கொண்டது என்பது நோக்கற்பாலது.

1965 செப்டெம்பர் 9ஆம் நாள் ஜேம்ஸ் ஸ்டொக்டேலின் விமானம் வட வியட்நாமிற் சுட்டு வீழ்த்தப்பட்டது. ஏழரை ஆண்டு அவர் ஹனோயிற் கைதியாக இருந்தார். அதில் நான்காண்டு தனிமைச் சிறை. வியட்நாம் மக்களின் போராட்டத்தின் நியாயத்தை ஏற்றுக்கொள்ளும் நாம், அச்சிறைகளில் அமெரிக்க விமானிகள் சித்திரவதைக்குள்ளாயினர் என்ற உண்மையை மறைத்தல் தகாது. நியாயமான போரிலும் அநியாயங்கள் நிகழ்கின்றன. அவற்றைச் சொல்ல அஞ்சுபவன் நியாயத்தின் நண்பனல்லன்.

கலிபோர்னியாவின் கொறனாடோ நகரில் நான்கு பிள்ளைகளோடு இருந்த சிபிலுக்கு வாஷிங்டனிலிருந்து கிடைத்த ஆலோசனை ஒன்றே: வாய் திறவாதீர்கள்; கணவன் கைதி என்பதை யாரிடமும் பேசாதீர்கள்; அரசு பார்த்துக்கொள்ளும். அவர் கீழ்ப்படிந்தார். கீழ்ப்படிந்தது மாத்திரமன்றி, கடற்படை உளவுப் பிரிவின் வேண்டுகோளுக்கிணங்கிக் கணவனுக்கு எழுதும் கடிதங்களில் இரகசியச் செய்திகளை மறைத்தனுப்பவும் செய்தார். அகப்பட்டால் பணயம் கணவனின் உயிர் என்பதை அவர் அறியாதவரல்லர்.

ஆனால் ஆண்டுகள் சென்றன. அரசு எதையும் பார்த்துக்கொள்வதாகத் தெரியவில்லை. சாப்பாட்டு மேசையைச் சுற்றிக் கூடிய சில மனைவிமாரின் பேச்சு மெல்ல மெல்ல ஓர் இயக்கமாயிற்று. 1968இல் அவர் பத்திரிகைக்கு வெளிப்படையாகப் பேசினார். 1969இல் வேறு சில மனைவிமாருடன் பாரிசுக்குச் சென்று வட வியட்நாம்ப் பிரதிநிதிகளை நேரிற் சந்தித்துக் கணவன்மாரின் நிலையை வினவினார். 1970இற் கைதிகளினதும் காணாமற்போனோரினதும் குடும்பங்களின் தேசிய சங்கம் உருவானபோது அதன் தலைமையில் நின்றவர் அவரே. இவ்விடத்தில்தான் அவருடைய வாழ்வு நமது மதிப்புக்கு முழுமையாக உரியதாகிறது. கணவன்மீது கொண்ட அன்பு, கீழ்ப்படிதலாக இருந்தவரை அரசுக்கு வசதியாக இருந்தது. அதே அன்பு கீழ்ப்படியாமையாக மாறியதும் அரசு திடுக்கிட்டது. இரண்டும் ஒரே அன்புதான். எனினும் இரண்டாவதையே நாம் அறம் என்று அழைக்கத் துணிவோம்.

இத்துடன் கதை முடிந்திருந்தால் எவ்வளவு இலகுவாக இருந்திருக்கும்!

1964 ஆகஸ்ட் 4ஆம் நாளிரவு டொங்கின் குடாவில் அமெரிக்க நாசகாரிக் கப்பல்களை வட வியட்நாம்ப் படகுகள் தாக்கியதாக ஜனாதிபதி ஜோன்சன் உலகுக்கு அறிவித்தார். அதற்கு இரு நாள் முன் ஒரு மோதல் உண்மையாகவே நிகழ்ந்திருந்தது. ஆனால் நான்காம் நாள் தாக்குதலே காங்கிரஸிடமிருந்து போருக்கான அனுமதியைப் பெற்றுத்தந்தது. அவ்விரவு அக்கப்பல்களுக்கு மேலே வானிற் பறந்துகொண்டிருந்தவர் வேறு யாருமல்லர், ஜேம்ஸ் ஸ்டொக்டேல்தான். கடலில் எந்தப் படகையும் அவர் காணவில்லை. மறுநாட் காலை, பதிலடித் தாக்குதலுக்குத் தலைமை தாங்குமாறு அவரை எழுப்பியபோது, எதற்குப் பதிலடி என்று அவர் உள்ளம் வினவியது. ஆயினும் அவர் புறப்பட்டுப் போனார். வின் நகரின் எண்ணெய்க் குதங்கள் எரிந்தன. பின்னாளிற் சிறையில் அவரை வாட்டிய பேரச்சங்களுள் ஒன்று, இவ்வுண்மையைச் சித்திரவதையால் தம்மிடமிருந்து பிடுங்கிவிடுவார்களோ என்பது. இவற்றையெல்லாம் 1984இற் கணவனும் மனைவியும் மாறிமாறி அத்தியாயங்கள் எழுதி வெளியிட்ட நூலில் அவரே கூறியிருக்கிறார். அவ்விரவு தாக்குதல் எதுவும் நிகழவில்லை என்ற முடிவுக்கே 2005இல் வெளிவந்த அமெரிக்க உளவு நிறுவன ஆய்வும் வந்தது.

ஆகவே, கொறனாடோவில் ஒரு பெண் நான்கு பிள்ளைகளோடு காத்திருந்த ஏழரை ஆண்டுகளும், அவள் கணவன் அனுபவித்த வேதனையும், ஒரு பொய்யின்மீது கட்டப்பட்ட போருக்குச் செலுத்தப்பட்டவை. இதனாற் சிபிலின் பொறுமை பொய்யாகிவிடுமா? ஆகாது. ஆனால் அப்பொறுமையைப் புகழ்வோர், அதைத் திருடியவர்களைப் பற்றி மௌனஞ் சாதித்தால், அப்புகழ் ஒரு வகை உடந்தை என்றே நாம் கருதுகிறோம்.

ஜேம்ஸ் ஸ்டொக்டேல் எபிக்டீற்றஸ் என்னும் பண்டைய தத்துவஞானியின் மாணவர். நம் ஆதிக்கத்துக்கு உட்பட்டது எது, உட்படாதது எது எனப் பிரித்தறிக. உனக்களிக்கப்பட்ட பாத்திரத்தைச் செவ்வனே நடி. பாத்திரத்தைத் தெரிவது நாடகாசிரியனின் வேலை என்பது அவ்வாசானின் போதனை. எபிக்டீற்றஸ் அடிமையாகப் பிறந்தவர் என்பதை மறந்துவிடலாகாது. அடிமைக்கும் சிறைக்கைதிக்கும் இத்தத்துவம் முதுகெலும்பாகும், ஸ்டொக்டேலுக்கு ஆயிற்று. ஆனால் நாடகாசிரியன் தெய்வமன்று, வாஷிங்டனில் மேசையருகே அமர்ந்திருக்கும் சில மனிதர்களே என்று தெரிந்த பின்னரும் பாத்திரத்தைச் செவ்வனே நடிப்பது மட்டும் போதுமா? சிபில் தமக்களிக்கப்பட்ட பாத்திரத்தின் வசனங்களை மாற்றினார். நாடகத்தையே நிறுத்து என்று அவர் கேட்கவில்லை.

அதைக் கேட்டவர்களும் இருந்தனர். கைதிகளின் குடும்பத்தினருள் ஒரு சாரார், 1971 அளவில், போரை முடித்துப் படைகளைத் திருப்பியழைத்தால் கைதிகள் தாமே திரும்புவர் என்று கூறித் தனிவழி சென்றனர். நிக்சன் அரசோ குடும்பங்களின் துயரத்தைத் தன் கொடியாக உயர்த்திப் பிடித்து, கைதிகளுக்காகவே போரைத் தொடர்வதாகக் காட்டிக்கொண்டது. மௌனத்தை உடைத்த பெண்ணின் குரலே போரை நீட்டிப்போரின் ஒலிபெருக்கியில் ஒலித்தது. இதற்காக அவரை நாம் குற்றஞ்சாட்டவில்லை. கணவன் சங்கிலியிற் கிடக்கையில் அரசியல் கணக்குப் பார்க்கும்படி ஒருத்தியிடம் கேட்க, சாய்வு நாற்காலியிலிருந்து எழுதும் நமக்கு என்ன உரிமை? நாம் சுட்டுவது, தனியொருவரின் நல்லொழுக்கம் எத்துணைத் தூயதாயினும் அதனைத் தன் தேவைக்கு வளைத்துக்கொள்ளும் ஆற்றல் அரசிடம் இருக்கிறது என்பதையே.

இதை அமெரிக்காவின் விசித்திரம் என்று நம் மாணவர் எண்ணிவிடலாகாது. புறநானூற்றிலே ஒக்கூர் மாசாத்தியார் பாடிய பெண்ணொருத்தி, முன்னைநாட் போரில் தன் குடும்பத்து ஆடவனையும், மறுநாட் போரிற் கணவனையும் இழந்தபின், போர்ப்பறை கேட்டதும் ஒரே மகனின் தலையை எண்ணெய்பூசிச் சீவி, கையில் வேல் கொடுத்து அனுப்புகிறாள். மூதின்முல்லை என்று துறைவகுத்து நாம் அதனைப் பரம்பரை பரம்பரையாகக் கற்பித்து வருகிறோம். அவளது துணிவைக் கண்டு மயிர்க்கூச்செறியாதவர் இல்லை. ஆனால் அந்தச் செருப்பறை யாருடைய கட்டளைப்படி முழங்கியது, எந்த வேந்தன் எதற்காகத் தொடுத்த போர் அது என்று நம் வகுப்பறைகளில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்?

1973 பெப்ரவரியில் ஸ்டொக்டேல் முறிந்து கோணிய காலோடு வீடு திரும்பினார். மூன்றாண்டின் பின் நாட்டின் மிகவுயர்ந்த வீரப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. சிபிலும் கடற்படையின் உயர் விருதொன்றைப் பெற்றார். 2005இற் கணவர் இறந்தார். பத்தாண்டு கழித்துச் சிபிலும் இறந்தார். அவர் உருவாக்கிய சங்கம் காணாமற்போன அமெரிக்கர்களைத் தேடும் பணியைக் கைவிடவில்லை. ஒரு பல், ஒரு எலும்புத்துண்டு கிடைத்தாலும் அதை ஆய்வுகூடத்திற்கு எடுத்துச்சென்று பெயரைக் கண்டறிந்து, குடும்பத்திடம் கையளிக்கும் பெருமுயற்சியை அவ்வரசு இன்றும் நடத்திவருகிறது. போர் முடிந்தபோது அவ்வாறு காணாமற்போயிருந்த அமெரிக்கர் ஏறத்தாழ 2,600 பேர். வியட்நாமிற் காணாமற்போனோர் சுமார் 300,000 பேர் எனக் கணக்கிடப்படுகிறது. அவர்களுக்கும் மனைவிமார் இருந்தனர். பாரிசுக்குச் சென்று கேட்க அவர்களிடம் பணமுமில்லை, கேட்பதற்கு ஆளுமில்லை. அவர்களிற் பலர், எலும்பு கிடைக்காத கணவனுக்கு வெறுங் கல்லறையொன்றைக் கட்டி, ஆண்டுதோறும் அதற்கு ஊதுவத்தி கொளுத்தி வந்தனர்.