மறுக்கத் தெரியாத மேளம்

பூசை நேரத்தில் சுவிட்சைப் போட்டால் தானாக அடிக்கும் மேளத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. ஒரு இரும்புச் சட்டம், அதற்குள் சிறு மோட்டார், மோட்டார் சுழற்றும் தண்டு, தண்டு ஏற்றி இறக்கும் குச்சிகள். குச்சிகள் முரசில் விழும். பக்கத்தில் மணியும் ஜால்ராவும் அதே தாளத்தில் அடித்துக்கொள்ளும். தீபாராதனை முடிந்ததும் பூசாரி சுவிட்சை அணைத்துவிடுவார். ஆமத்தூர்ப் பக்கம், விருதுநகர்–சிவகாசி சாலையை ஒட்டிய ஊர்களில் இதைப் பார்த்தும் கேட்டும் வளர்ந்தவன் நான். அறிவியல் புனைகதை மனித இயந்திரத்தை முகத்தோடும் காலோடும் கற்பனை செய்தது. எங்கள் பக்கம் வந்த மனித இயந்திரத்துக்குக் கைகள் மட்டும் போதுமானதாக இருந்தன.

இதைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். ஒன்று, 'கலை அழியுது'. இன்னொன்று, 'காலம் மாறுது'. இரண்டுமே யோசிக்காமல் சொல்லிவிடக்கூடியவை. நான் கேட்க நினைப்பது வேறு: ஒரு மனிதர் செய்துவந்த இசையை இயந்திரம் செய்யும்போது, அங்கே இருந்த ஆண்டான்–அடிமை உறவு முடிந்துவிடுகிறதா, அல்லது ஆள் மட்டும்தான் மாறுகிறாரா?

'ரோபோ' என்ற சொல்லிலேயே இந்தக் கேள்வி இருக்கிறது. செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920-இல் எழுதிய 'ஆர்.யூ.ஆர்.' நாடகம் 1921-இல் பிராக் நகரில் மேடையேறியது. அந்தச் சொல்லை அவருக்குத் தந்தவர் அண்ணன் யோசெஃப். 'ரோபோட்டா' என்றால் பண்ணையாருக்குக் கூலியில்லாமல் செய்து தீர வேண்டிய கட்டாய வேலை. சாபெக்கின் ரோபோக்கள் இரும்பால் ஆனவை அல்ல. வேதிப்பொருளிலிருந்து செய்த சதையும் தோலும் உடையவை, பார்த்தால் மனிதர்கள். வேலை செய்வதற்காக மட்டும் செய்யப்பட்ட மனிதர்கள்.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'எந்திரன்' என்கிறோம். அது உடம்பைப் பற்றிய மொழிபெயர்ப்பு. சொல்லுக்குள் இருக்கும் உறவை மொழிபெயர்க்க வேண்டுமானால் நம்மிடம் ஆயிரம் வருடப் பழைய சொல் ஒன்று இருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் கூலியில்லாத கட்டாய உழைப்புக்குப் பெயர் 'வெட்டி'. இன்று 'வெட்டி வேலை' என்று சாதாரணமாகச் சொல்கிறோம். அந்தச் சொல்லோடு சேர்ந்ததுதான் 'வெட்டியான்'. சுடுகாட்டு வேலை, சேதி சொல்லிப் போவது, பல ஊர்களில் சாவுக்குக் கொட்டு அடிப்பது எல்லாம் பிறப்பாலேயே அவர் தலையில் கட்டப்பட்டிருந்தன. ரோபோவுக்கு நேர்ச் சொல் வெட்டியான்தான். தாளம் அடிக்கும் ரோபோ நமக்குப் புதிதல்ல. முன்பு அது மனிதராக இருந்தது.

மேற்கில் ரோபோவின் குரலை விரும்பி எடுத்துக்கொண்டவர்கள் யார் என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழு 1978-இல் 'தி மேன் மெஷின்' ஆல்பத்தில் தங்களையே ரோபோக்களாகக் காட்டிக்கொண்டது. அதைக் காதில் வாங்கியவர்களில் முக்கியமானவர்கள் அமெரிக்காவின் டெட்ராய்ட்டைச் சேர்ந்த கறுப்பின இளைஞர்கள். ஜுவான் அட்கின்ஸும் ரிச்சர்ட் டேவிஸும் 'சைபோட்ரான்' என்ற பெயரில் 1981-இலிருந்து இசைத்தட்டுகள் வெளியிட்டார்கள். அவர்களுடைய 1984 பாடலான 'டெக்னோ சிட்டி'க்குப் பின்னால் ஃபிரிட்ஸ் லாங்கின் 1927 படமான 'மெட்ரோபோலிஸ்' இருந்தது. பாதாளத்தில் தொழிலாளர்கள், மேலே முதலாளிகள், நடுவே ஒரு பெண்ணின் உருவம் பூண்ட இயந்திரம். டெக்னோ என்ற நிலத்தடி இசை அங்கிருந்து வளர்ந்தது.

டெட்ராய்ட் கார் தொழிற்சாலைகளின் ஊர். ஜெனரல் மோட்டார்ஸ் 1961-இலேயே நியூஜெர்சி ஆலை ஒன்றில் 'யூனிமேட்' என்ற இயந்திரக் கையை வேலைக்கு வைத்தது. பிறகு மற்ற ஆலைகளுக்கும் அவை வந்தன. அப்பாக்களின் வேலையைப் பறித்த இயந்திரத்தின் குரலில் பிள்ளைகள் ஏன் பாடினார்கள்? எனக்குத் தோன்றும் பதில் இது. அவர்களுடைய முன்னோர் ஏற்கெனவே இயந்திரங்களாக, விற்று வாங்கும் பொருளாக நடத்தப்பட்டவர்கள். 'எங்களை அப்படித்தானே பார்த்தீர்கள், சரி, அந்த முகமூடியை நாங்களே போட்டுக்கொள்கிறோம்' என்பது அந்த இசை. முகமூடியைப் போட முடிந்தவனால் கழற்றவும் முடியும். ரோபோவாக நடிப்பவன் ரோபோ அல்ல என்பதற்கு அதுவே சாட்சி.

அவர்கள் பயன்படுத்திய கருவிகளும் மனிதருக்கு மாற்றாகச் செய்யப்பட்டவைதாம். ரோலண்ட் நிறுவனத்தின் டிஆர்-808 மேளக்காரருக்குப் பதிலாக 1980-இல் வந்தது. டிபி-303 பேஸ் கிதார்க்காரருக்குப் பதிலாக வந்தது. நிஜ மேளம் போலவோ நிஜ கிதார் போலவோ இல்லை என்று சந்தையில் தோற்று, சில வருடங்களில் உற்பத்தி நின்றது. பழைய சாமான் விலைக்குக் கிடைத்ததால்தான் ஏழைப் பிள்ளைகள் கைக்குப் போயின. நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பம்பாய் சினிமாவில் வாத்தியக்காரராக இருந்த சரண்ஜித் சிங் இந்த இரண்டு கருவிகளையும் வைத்து 1982-இல் 'டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்ற இசைத்தட்டை வெளியிட்டார். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் 303-இன் குணம் ராகத்துக்கு வாகாக அமைந்தது. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. சிகாகோவில் அதே 303-ஐ வைத்து 'ஆசிட் டிராக்ஸ்' வந்தது 1987-இல். சிங்கின் தட்டு 2010-இல் மறுவெளியீடு கண்டபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

அதே 2010-இல் நமக்கு 'எந்திரன்' வந்தது. சிட்டி ஆடியது, பாடியது, காதலித்தது. கடைசியில் நீதிமன்றத் தீர்ப்புப்படி தன்னைத் தானே கழற்றி வைத்தது. சிந்திக்க ஆரம்பித்ததுதான் அதன் குற்றம் என்று அந்தப் படம் சிட்டியின் வாயாலேயே சொல்ல வைத்தது. சொன்னதைச் செய்தவரை செல்லப்பிள்ளை, மறுத்த அன்று ஆபத்து. ஊருக்கும் கொட்டு அடித்தவருக்கும் இருந்த உறவும் ஏறக்குறைய இதுதான்.

பட்டாசு ஆலையில் முப்பது வருடம் வேலை பார்த்த என் சித்தப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"ஏய்யா, மெசினுக்குச் சாதி உண்டா? வலி உண்டா? ஒரு காலத்துல கொட்டு அடிக்க ஆள் வரலைன்னா என்ன பேச்சுப் பேசுவாக தெரியுமா? இப்ப சுவிட்சப் போடுறான், முடிஞ்சுபோச்சு. நல்லதுதான?"

"அப்ப அடிச்சவங்க என்ன ஆனாங்க சித்தப்பா?"

"அவுக பிள்ளைக படிச்சு வேலைக்குப் போயிட்டாக. அதுவும் நல்லதுதான?"

இரண்டும் நல்லதுதான். இதை மறுத்துவிட்டுப் 'பாரம்பரியம்' என்று பேசுகிறவர்கள் யாரோ ஒருவருடைய பிள்ளை வெயிலில் நின்று அடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறார்கள். வலி தெரியாத ஒன்று வலி தெரிந்த ஒருவரை விடுவிக்குமானால் அந்த இயந்திரத்துக்கு நான் நன்றி சொல்வேன்.

ஆனால் சித்தப்பாவின் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்கு முன்பும் பின்பும் எத்தனையோ விபத்துகள். மேளம் அடிக்க மெஷின் வந்துவிட்ட ஊரில், வெடிக்கு மருந்து செலுத்த இன்னும் பெரும்பாலும் விரல்கள்தாம். எங்கே இயந்திரம் அவசியமோ அங்கே அது தாமதிக்கிறது. விரல்கள் மலிவாகக் கிடைக்கின்றன. இயந்திரம் பெரும்பாலும் ஆபத்து இருக்கும் இடத்தைத் தேடி வருவதில்லை, 'முடியாது' என்று ஒருவர் சொல்லிவிட்ட இடத்தைத் தேடி வருகிறது.

தமிழ்நாட்டின் பல ஊர்களில் தலித் மக்கள் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று சொன்னார்கள். அதற்காக அடியும் ஊர்விலக்கும் பட்டார்கள். அந்த மறுப்புக்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் நடந்தது. அதே பறையைச் சிலர் மேடைக்குக் கொண்டுபோனார்கள். திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறை எடுத்து ஆடினார்கள். மதுரைப் பக்கத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. தோல் அதேதான், குச்சியும் அதேதான். அடிக்காமல் இருக்கவும் உரிமை உள்ள ஒருவர் அடிக்கிறார் என்பது மட்டுமே மாறியது. அதுவே எல்லாவற்றையும் மாற்றியது. டெட்ராய்ட்காரர்களின் முகமூடியும் இதுவும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன. இழிவின் அடையாளமாக மேலே போடப்பட்டதைத் தாமே எடுத்துக்கொள்வது.

என் தொழில் மென்பொருள் என்பதால் அடுத்த படியும் கண்ணில் படுகிறது. 2024-இல் 'லால் சலாம்' படத்தின் 'திமிரி எழுடா' பாடலில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ.ஆர். ரஹ்மான் செயற்கை நுண்ணறிவால் பயன்படுத்தினார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று உரிய தொகையும் கொடுத்ததாகச் சொன்னார். அது நேர்மையான முறைதான். ஆனாலும் ஒன்று குறைகிறது. உயிரோடு இருக்கும் பாடகர் 'இந்த வரியை நான் பாட மாட்டேன்' என்று சொல்லலாம், 'இன்னொரு தடவை பாடுறேன்' என்றும் கேட்கலாம். அந்தக் குரல் இரண்டையும் சொல்லாது. சாபெக்கின் தொழிற்சாலையில் செய்ய முயன்றதும் அதைத்தான்: திறமை வேண்டும், அந்தத் திறமையைச் சுமக்கும் ஆளின் விருப்பம் வேண்டாம்.

அதனால் மெஷினைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. அது பாவம், அடிக்கச் சொன்னால் அடிக்கிறது. நான் பார்க்கச் சொல்வது அது நிற்கும் இடத்தை. தானியங்கி மேளம் கருவறைக்குப் பக்கத்தில், சுவரோரமாக நிற்கிறது. நம் ஊர்கள் பலவற்றில் கொட்டு அடித்தவர் நின்ற இடம் வாசலுக்கு வெளியே. மதுரை மீனாட்சி கோவிலுக்குள் தலித்துகளை அழைத்துக்கொண்டு வைத்தியநாத ஐயர் நுழைந்தது 1939-இல். பிறகு சட்டமும் வந்தது. அப்படியும் வெளியே நிறுத்தப்பட்டவரின் வேலை உள்ளே வந்துவிட்டது, அவர் வரவில்லை. மெஷினுக்குச் சாதி இல்லை என்று சித்தப்பா சொன்னது சரி. அதை உள்ளே விட்டதும் அதனால்தான்.

ஆகவே ஒரு வேலையை இயந்திரத்திடம் கொடுக்கும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ளலாம். அந்த வேலையை விட்டுப் போனவர், நாளைக்குத் தன் விருப்பத்தோடு, தானே சொன்ன கூலிக்கு, தன் மேளத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தால் அவரை எங்கே நிற்கச் சொல்வோம்? மெஷினை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு அதே இடத்தைக் கொடுப்போம் என்றால் இயந்திரம் ஒரு மனிதரை விடுவித்திருக்கிறது. 'வாசல்லயே நின்னு அடிப்பா' என்போம் என்றால் அது விடுவித்தது அவரை அல்ல, நம்மைத்தான். அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லும் கடமையிலிருந்து.